ஜான்லூயிஜி புஃபோன்

ஜான்லூயிஜி புஃபோன் (பிறப்பு: 28 ஜனவரி 1978) இத்தாலியின் முன்னாள் கால்பந்து கோல்கீப்பர். 1995 நவம்பரில், 17 வயதில், முதல் லீக் ஆட்டத்தில் களமிறங்கிய இவர், 2023 ஆகஸ்டில், 45 வயதில் ஓய்வு பெற்றார். பார்மா, யுவென்டஸ், பாரிஸ் செயின்ட் ஜெர்மைன் ஆகிய மூன்று கிளப்புகளுக்காக மட்டுமே ஆடினார். இத்தாலியின் முதல்நிலை லீக்கான சீரி ஆவில் 657 ஆட்டங்களிலும், தேசிய அணிக்காக 176 ஆட்டங்களிலும் பங்கேற்றார். 2006 உலகக் கோப்பையை வென்ற அணியின் கோல்கீப்பர் இவரே. ‘ஜீஜி’ என்பது இவரது செல்லப் பெயர்.

இளமை

பளிங்குக் கற்களுக்குப் பெயர்போன டஸ்கனியின் கராரா நகரில், விளையாட்டே தொழிலாக இருந்த குடும்பத்தில் பிறந்தார். தாய் வட்டெறிதல் வீராங்கனை, தந்தை பளுதூக்கும் வீரர், சகோதரிகள் இருவரும் கைப்பந்து ஆட்டக்காரர்கள். 1950களிலும் 60களிலும் மிலான் அணிக்கும் இத்தாலிக்கும் கோல் காத்த லொரென்சோ புஃபோன் தூரத்து உறவினர்.

சிறுவயதில் இவர் நடுக்களத்தில்தான் ஆடிவந்தார். 1990இல் இத்தாலியில் நடந்த உலகக் கோப்பையில் கேமரூன் அணியின் கோல்கீப்பர் தாமஸ் இன்கோனோவின் ஆட்டம் இவரைக் கட்டிப்போட்டது. கோல்கீப்பராக வேண்டும் என்ற ஆசை அப்போது பிறந்தது. பின்னாளில் தன் மூத்த மகனுக்கு லூயிஸ் தாமஸ் என்று பெயரிட்டதும் அந்த ஈர்ப்பால்தான். 13 வயதில், 1991இல், பார்மாவின் இளையோர் அணியில் சேர்ந்தார். கோல்கீப்பர் பயிற்சியாளர் எர்மெஸ் ஃபுல்கோனி அங்கே இவரைப் பட்டை தீட்டினார்.

அதற்கு அடுத்த ஆண்டு கால்பந்தின் விதி ஒன்று மாறியது. சக வீரர் காலால் வேண்டுமென்றே திருப்பி அனுப்பும் பந்தைக் கோல்கீப்பர் கையில் எடுக்கக் கூடாது என்றானது. காலாலும் பந்தைக் கையாளத் தெரிந்தாக வேண்டிய புதிய தலைமுறைக்கு, நடுக்களத்தில் ஆடிப் பழகிய இந்தச் சிறுவன் பொருத்தமாக அமைந்தார்.

பார்மா (1995–2001)

1995 நவம்பர் 19 அன்று மிலான் அணிக்கு எதிரான ஆட்டத்தில், பயிற்சியாளர் நெவியோ ஸ்காலா இவரைக் களமிறக்கினார். எதிரணியில் ராபர்ட்டோ பாஜியோ, ஜார்ஜ் வியா போன்ற ஜாம்பவான்கள் இருந்தனர். பதற்றத்தின் சாயலே இல்லாமல் ஆடிய புதுமுகத்தைத் தாண்டிப் பந்து வலைக்குள் போகவில்லை. ஆட்டம் 0–0 என முடிந்தது. வெகு விரைவில் முதல் தேர்வு கோல்கீப்பரானார்.

லிலியான் துராம், ஃபாபியோ கன்னவாரோ ஆகியோர் முன்னால் நின்று தடுக்க, 1999இல் பார்மா இத்தாலியக் கோப்பையையும் யூஇஎஃப்ஏ கோப்பையையும் வென்றது. மாஸ்கோவில் நடந்த யூஇஎஃப்ஏ கோப்பை இறுதியாட்டத்தில் மார்செய் அணி 3–0 என வீழ்ந்தது.

யுவென்டஸ் (2001–2018)

2001 கோடையில் ஜினெடின் ஜிடேனை ரியல் மாட்ரிட்டுக்கு விற்ற யுவென்டஸ், 5 கோடி யூரோவுக்கும் மேல் கொடுத்து புஃபோனை வாங்கியது. ஒரு கோல்கீப்பருக்கு அதுவரை யாரும் கொடுத்திராத விலை. 2018இல் பிரேசிலின் அலிசனை லிவர்பூல் வாங்கும்வரை அந்தச் சாதனை நிலைத்தது. முதல் இரு பருவங்களிலும் யுவென்டஸ் லீக் பட்டம் வென்றது. 2003 சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டம் மான்செஸ்டரில் பெனால்டி வரை நீண்டது. புஃபோன் இரண்டு பெனால்டிகளைத் தடுத்தார். ஆனால் சக வீரர்கள் மூன்றைத் தவறவிட, கோப்பை மிலானுக்குப் போனது.

வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு எல்லாம் சீராகவே தெரிந்த 2003–04 காலத்தில் மன அழுத்த நோயுடன் போராடியதை, 2008இல் வெளியான தன்வரலாற்றில் இவரே எழுதினார். ஆடுகளத்தில் உறுதியின் உருவமாக நிற்கும் ஒருவர் இதைப் பொதுவெளியில் சொன்னது அக்காலக் கால்பந்து உலகில் அரிது.

2006இல் நடுவர் நியமனங்களில் தலையிட்ட ‘கால்சியோபோலி’ ஊழல் வெடித்தது. யுவென்டஸ் 2004–05, 2005–06 பட்டங்களை இழந்து, புள்ளிக் குறைப்போடு இரண்டாம்நிலை லீக்கான சீரி பிக்கு இறக்கப்பட்டது. கன்னவாரோ, துராம், இப்ராஹிமோவிச், ஜாம்ப்ரோட்டா எல்லோரும் வேறு கிளப்புகளுக்குக் கிளம்பினர். உலகக் கோப்பையை வென்ற கையோடு எந்தப் பெரிய கிளப்புக்கும் போயிருக்கக்கூடிய புஃபோன், தெல் பியெரோ, நெட்வெட், த்ரெசகே, கமோரனேசி ஆகியோருடன் தங்கிவிட்டார். உலகக் கோப்பை இறுதியாட்டம் முடிந்து சரியாக இரண்டு மாதம் கழித்து, செப்டம்பர் 9 அன்று, ரிமினி என்ற சிறு கிளப்புக்கு எதிராக யுவென்டஸ் தன் முதல் சீரி பி ஆட்டத்தை ஆடி 1–1 என டிரா செய்தது. அந்தப் பருவத்தில் பட்டம் வென்று மேலே திரும்பியது.

மீண்டும் உச்சத்துக்கு வரச் சில ஆண்டுகள் பிடித்தன. அன்டோனியோ கோன்டேயின் பயிற்சியில் 2011–12 பருவத்தில் ஒரு லீக் ஆட்டத்திலும் தோற்காமல் யுவென்டஸ் பட்டம் வென்றது. அதிலிருந்து தொடர்ந்து ஏழு பட்டங்கள் புஃபோன் கைக்கு வந்தன. தெல் பியெரோ விடைபெற்றதும் 2012இல் அணித்தலைவரானார். 2016 தொடக்கத்தில் பத்து லீக் ஆட்டங்களில் வரிசையாகக் கோல் விடவில்லை. மார்ச் 20 அன்று டோரினோவுடனான டூரின் டெர்பியில், மிலானின் செபஸ்தியானோ ரோஸி வைத்திருந்த 929 நிமிடச் சாதனையைக் கடந்தார். இரண்டாம் பாதியின் தொடக்கத்தில் பெலோட்டி பெனால்டியில் கோல் அடித்தபோது கணக்கு 974 நிமிடங்களில் நின்றது.

சாம்பியன்ஸ் லீக் கோப்பை மட்டும் எட்டாக்கனியாகவே இருந்தது. 2015இல் பெர்லினில் பார்சிலோனாவிடமும், 2017இல் கார்டிஃபில் ரியல் மாட்ரிட்டிடமும் இறுதியாட்டங்களில் யுவென்டஸ் தோற்றது. 2018 காலிறுதியின் முதல் ஆட்டத்தில் அதே ரியல் மாட்ரிட்டிடம் 0–3 எனத் தோற்ற யுவென்டஸ், மாட்ரிட்டில் 3–0 என முன்னேறிச் சமன் செய்தது. கூடுதலாகத் தரப்பட்ட நிமிடங்களில் நடுவர் மைக்கேல் ஆலிவர் பெனால்டி கொடுக்க, அவரோடு ஆவேசமாக வாக்குவாதம் செய்த புஃபோனுக்குச் சிவப்பு அட்டை கிடைத்தது. பெனால்டியை ரொனால்டோ கோலாக்கினார்.

பாரிஸ், மீண்டும் டூரின், மீண்டும் பார்மா (2018–2023)

40 வயதில் பாரிஸ் செயின்ட் ஜெர்மைனுக்குப் போய் பிரெஞ்சு லீக் பட்டம் வென்றார். ஆனால் 2019 மார்ச்சில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிராக, ராஷ்ஃபோர்ட் தொலைவிலிருந்து அடித்த பந்தை இவர் நழுவவிட, லுகாகு அதைக் கோலாக்கினார். முதல் ஆட்டத்தை 2–0 என வென்றிருந்த பாரிஸ் 1–3 எனத் தோற்று, வெளிமைதான கோல் விதியால் வெளியேறியது. ஒரே பருவத்தில் டூரினுக்குத் திரும்பிய இவர், போலந்தின் ஷ்செஸ்னிக்கு மாற்று கோல்கீப்பராக இருக்கச் சம்மதித்தார். 2020 ஜூலை 4 அன்று டோரினோவுக்கு எதிராக ஆடிய 648ஆவது சீரி ஆ ஆட்டத்தில் பாவ்லோ மால்டினியின் சாதனையை முறியடித்தார். அந்தப் பருவத்தில் பத்தாவது லீக் பட்டமும் கிடைத்தது. 2021 இத்தாலியக் கோப்பை வெற்றியோடு யுவென்டஸில் இவரது ஆட்டம் நிறைவுற்றது. அங்கே மொத்தம் 685 ஆட்டங்கள் ஆடியிருந்தார். பின்னர் சீரி பியில் இருந்த பார்மாவுக்குப் போய் இரண்டு பருவங்கள் ஆடினார்.

தேசிய அணி

1997 அக்டோபர் 29 அன்று மாஸ்கோவின் பனிப்பொழிவில், ரஷ்யாவுக்கு எதிரான உலகக் கோப்பைத் தகுதி ஆட்டத்தில், காயமடைந்த பல்யூகாவுக்குப் பதிலாக இறங்கியதே முதல் சர்வதேச ஆட்டம். யூரோ 2000 போட்டியைக் கைமுறிவால் தவறவிட்டார். 2002 உலகக் கோப்பையில் தென்கொரியாவின் ஆன் ஜுங்-ஹ்வான் அடித்த பெனால்டியைத் தடுத்தார். அதே ஆன் கூடுதல் நேரத்தில் அடித்த தங்க கோல் இத்தாலியை வெளியேற்றியது.

2006இல் ஜெர்மனியில் ஏழு ஆட்டங்களில் இவரைத் தாண்டியவை இரண்டே கோல்கள். ஒன்று அமெரிக்காவுக்கு எதிராகச் சக வீரர் ஜக்கார்டோ அடித்த சுய கோல், மற்றொன்று இறுதியாட்டத்தில் ஜிடேன் அடித்த பெனால்டி. அந்த இறுதியாட்டத்தின் 104ஆவது நிமிடத்தில் வலப்புறமிருந்து வந்த பந்தை ஜிடேன் தலையால் முட்டினார். கம்பத்துக்குக் கீழே நுழையவிருந்த பந்தைப் புஃபோன் எகிறி ஒற்றைக் கையால் மேலே தட்டிவிட்டார். சில நிமிடங்களில் ஜிடேன் சிவப்பு அட்டை பெற்று வெளியேற, இத்தாலி பெனால்டியில் 5–3 என வென்றது. அந்த ஆண்டு பாலோன் டோர் விருதில் கன்னவாரோவுக்கு அடுத்த இடம் புஃபோனுக்கு.

1998 முதல் 2014 வரை ஐந்து உலகக் கோப்பை அணிகளில் இடம்பெற்றார். ஆறாவதற்கான வாய்ப்பு 2017 நவம்பர் 13 அன்று மிலானில், ஸ்வீடனுடனான தகுதி ஆட்டத்தில் பறிபோனது. ஸ்வீடனின் தேசிய கீதத்தை உள்ளூர் ரசிகர்கள் கூச்சலிட்டு அவமதித்தபோது, இத்தாலியின் அணித்தலைவரான இவர் கைதட்டி மரியாதை செய்தார். ஆட்டம் 0–0 என முடிய, முதல் ஆட்டத்தில் வாங்கிய ஒற்றைக் கோலால் 1958க்குப் பின் முதன்முறையாக இத்தாலி தகுதி இழந்தது. புஃபோன் தொலைக்காட்சிக் கேமரா முன் அழுதார்.

ஆட்டப் பாணி

பாய்ந்து விழுவதைவிடச் சரியான இடத்தில் நிற்பதே இவரது பலமாக இருந்தது. பந்து எங்கிருந்து வரும் என்பதை முன்கூட்டியே கணித்து, கோணத்தைக் குறுக்கி நின்றார். அதனால் கடினமான பந்துகளும் எளிதானவைபோலத் தெரிந்தன. வயதோடு வேகம் குறைந்தாலும் இந்தக் கணிப்பு குறையவில்லை. நாற்பதைத் தாண்டியும் ஆட முடிந்ததற்கு அதுவே முக்கியக் காரணம். தடுப்பாட்டக்காரர்களைக் குரல் கொடுத்து ஒழுங்குபடுத்துவதும் இவரது வழக்கமாக இருந்தது.

சர்ச்சைகள்

2000இல் பார்மாவில் 88 என்ற எண்ணைத் தேர்ந்தெடுத்தார். நவ நாஜிகள் அதைக் குறியீடாகப் பயன்படுத்துவதைச் சுட்டி யூதச் சமூகத்தினர் கண்டித்தனர். அது தனக்குத் தெரியாது என்று சொல்லி 77க்கு மாறினார். 2012 பிப்ரவரியில் மிலானின் முன்டாரி தலையால் முட்டிய பந்தைக் கோட்டைத் தாண்டிய பிறகே புஃபோன் வெளியே தட்டினார். நடுவர் கோல் தரவில்லை. தெரிந்திருந்தாலும் நடுவரிடம் சொல்லியிருக்கமாட்டேன் என்ற இவரது பதில் பலத்த விவாதத்தைக் கிளப்பியது. கோல்கோட்டுத் தொழில்நுட்பம் வேண்டும் என்ற வாதத்துக்கு அந்த ஆட்டம் வலுச்சேர்த்தது.

ஓய்வுக்குப் பின்

2023 ஆகஸ்டில் ஓய்வை அறிவித்ததும், அவ்வாண்டு ஜனவரியில் காலமான ஜான்லூகா வியல்லி வகித்துவந்த இத்தாலிய அணிக் குழுத் தலைவர் பொறுப்பு இவருக்கு வழங்கப்பட்டது. சீரி ஆவில் அதிக ஆட்டங்கள், அதிகப் பட்டங்கள், தேசிய அணிக்கு அதிக ஆட்டங்கள் ஆகிய மூன்று இத்தாலியச் சாதனைகளும் ஓய்வு பெறும்போது இவர் பெயரிலேயே இருந்தன.