பட்டினி கிடக்கத் தெரிந்ததே குற்றம்!

"ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது"ன்னு நம்ம ஊர்ல ஒரு சொலவடை உண்டு. ஆமைகளுக்குப் பேச வாய் இருந்தா "மனுஷன் புகுந்த தீவு உருப்படாது"ன்னு பதிலுக்கு ஒண்ணு சொல்லியிருக்கும். அதைச் சொல்ல முழு உரிமை உள்ளவை கலாபகோஸ் தீவு ஆமைகள்.

ஈக்வடார் கரையிலிருந்து சுமார் 1000 கி.மீ. தள்ளி, பசிபிக் கடலுக்கு நடுவே கிடக்கும் எரிமலைத் தீவுகள் இவை. பெயரே ஆமையைக் குறிக்கும் ஸ்பானியச் சொல்லிலிருந்து வந்ததுதான். நன்கு வளர்ந்த ஆண் ஆமை கால் டன் எடையைத் தாண்டும். நூறு வயசெல்லாம் அதுக்கு சர்வ சாதாரணம்.

ஆனா ஆச்சரியம் எடையிலும் வயசிலும் இல்லை, வயித்துல இருக்கு. இந்த ஆமைகளால சோறு தண்ணி இல்லாம ஏறக்குறைய ஒரு வருஷம் உயிரோட இருக்க முடியும்! எப்படி? நாம சாப்பிடுவதில் பெரும்பங்கு உடம்பைச் சூடா வச்சுக்கவே செலவாகுது. ஆமைக்கு அந்தச் செலவு கிடையாது, வெயில்ல போய் நின்னா போதும். உடம்புக்குள்ள எல்லா வேலையும் ஆமை வேகத்துலதான் (!) நடக்கும். மழை பெய்யும்போது மூக்கு முட்டத் தின்று கொழுப்பாகச் சேர்த்துக்கும். சிறுநீர்ப்பையிலும் இதயத்தைச் சுற்றியுள்ள பையிலும் தண்ணி சேமிப்பு. மாசக்கணக்கில் மழை பெய்யாத எரிமலைத் தீவில் பிழைக்க இதைவிட நல்ல ஏற்பாடு இருக்க முடியாது. லட்சக்கணக்கான வருஷமா இது கச்சிதமாக வேலை செய்தது.

அப்புறம் கப்பல்கள் வந்தன.

18ஆம் நூற்றாண்டின் கடைசியில் திமிங்கில வேட்டைக் கப்பல்கள் பசிபிக்குக்குள் நுழைந்தன. லண்டன்லயும் அமெரிக்காவிலயும் விளக்கு எரியத் திமிங்கில எண்ணெய் வேணும். ஒரு பயணம் ரெண்டு மூணு வருஷம் ஆகும். ஃபிரிட்ஜ் கிடையாது. உப்புக்கண்டமும் கல்லு மாதிரி பிஸ்கோத்தும் தின்னு நாக்கு செத்துப்போனவங்களுக்கு, தீனி போடத் தேவையில்லாத, தண்ணி காட்டத் தேவையில்லாத, கெட்டுப்போகாத உயிருள்ள இறைச்சி கிடைச்சா? விடுவாங்களா! தூக்கிட்டு வந்து கப்பலின் அடித்தளத்தில் ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கிட்டாங்க. பல மாசம் கழிச்சு எடுத்தாலும் உயிரோட இருக்கும்.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. சீக்கிரம் செத்துப்போற பிராணியா இருந்திருந்தா, அன்னன்னைக்குத் தேவையானதை மட்டும் பிடிச்சிருப்பாங்க. சாகாம கிடக்கத் தெரிந்ததால் நூத்துக்கணக்கில் அள்ளிட்டுப் போனாங்க. வறட்சிக்கு எதிரா இயற்கை கொடுத்த கவசமே எமனாயிடுச்சு.

கணக்குப் பார்த்த ஒரு மனுஷரும் உண்டு. நியூயார்க் மீன்காட்சியகத்தின் இயக்குநராக இருந்த சார்லஸ் டவுன்சென்ட், பழைய திமிங்கிலக் கப்பல்களின் நாட்குறிப்புகளைப் புரட்டி 1925இல் ஒரு கட்டுரை எழுதினார். அவர் பார்த்த சில டஜன் கப்பல்கள் மட்டுமே பத்தாயிரத்துக்கும் மேல் ஆமைகளை ஏற்றியிருந்தன. மொத்தமாக ஒரு லட்சத்துக்கும் மேல் போயிருக்கும் என்கிறார்கள். இதில் பெண் ஆமைகளே அதிகம். அளவில் சின்னது, தூக்கச் சுலபம். முட்டையிடக் கரையோரச் சமவெளிக்கு அதுவே இறங்கி வேற வரும்.

1820இல் எஸ்ஸெக்ஸ் என்ற அமெரிக்கக் கப்பலும் இங்கே வந்து நூற்றுக்கணக்கில் ஏற்றிக்கொண்டது. ஃபுளோரியானா தீவில் தாமஸ் சாப்பல் என்ற மாலுமி விளையாட்டாக ஒரு புதருக்குத் தீ வைக்க, காய்ந்து கிடந்த தீவு பற்றி எரிந்தது. சில வாரத்தில், நவம்பர் 20 அன்று, அதே கப்பலை ஒரு திமிங்கிலம் முட்டி மூழ்கடித்தது. (ஆமா, 'மோபி டிக்' நாவலுக்குத் தூண்டுதலான அதே சம்பவம்தான்.) தப்பித்த 20 பேர் மூணு படகுகளில் ஏறும்போது, படகுக்கு ரெண்டு ஆமை எடுத்துக்கொண்டார்கள். கடைசியில் உயிர் பிழைத்தவர்கள் 8 பேர்.

1835இல் டார்வின் வந்தார். ஆமையின் ஓட்டைப் பார்த்தே அது எந்தத் தீவுன்னு சொல்லிடுவேன் என்று துணை ஆளுநர் லாசன் அவரிடம் சொல்லியிருக்கிறார். பரிணாமக் கொள்கைக்கே ஒரு திறவுகோல்! டார்வின் அப்போ அதைப் பெருசா எடுத்துக்கல. பீகிள் கப்பலில் ஏற்றிய சுமார் 30 ஆமைகளை வழியில் சாப்பிட்டுவிட்டு ஓட்டைக் கடலில் போட்டுட்டாங்க. ஆதாரம் எல்லாம் வயித்துக்குள்ள!

1850 வாக்கில் ஃபுளோரியானா ஆமையின் கதை முடிந்தது என்றே எல்லோரும் எழுதி வைத்தார்கள். ஆனா கதை முடியல மக்களே.

கொஞ்சம் பின்னாடி, 1813க்குப் போவோம். அமெரிக்கக் கடற்படைத் தளபதி டேவிட் போர்ட்டர் (இவர் கப்பல் பெயரும் எஸ்ஸெக்ஸ், ஆனா வேற கப்பல்) பிரிட்டிஷ் திமிங்கிலக் கப்பல்களைப் பிடித்தார். சண்டைக்குத் தளத்தைக் காலி செய்யும்போது அவர்கள் ஆமைகளைக் கடலில் தள்ளியிருந்தார்கள். சில நாள் கழித்து அந்தப் பக்கம் போனால், சுமார் 50 ஆமைகள் கழுத்தை நீட்டிக்கொண்டு உயிரோடு மிதக்கின்றன! நீந்தத் தெரியாது. ஆனா மூழ்காது, சாகாது.

அந்த 50ஐ அவர் மறுபடி ஏற்றிக்கொண்டார். ஆனால் இப்படித் தள்ளப்பட்டும் இறக்கப்பட்டும் வேறு சில ஆமைகள் இசபெலா தீவின் வடமுனையில் உள்ள உல்ஃப் எரிமலைக் கரையில் ஏறிவிட்டன. அருங்காட்சியகத்தில் இருந்த பழைய ஃபுளோரியானா எலும்புகளின் டிஎன்ஏவை, உல்ஃப் எரிமலை ஆமைகளின் ரத்தத்தோடு ஒப்பிட்டு, 2008இல் அந்த வம்சத்தின் தடயத்தைக் கண்டுபிடித்தார்கள். 2012 ஆய்வில் 80க்கும் மேற்பட்ட ஆமைகளுக்கு அப்பாவோ அம்மாவோ கலப்பில்லாத ஃபுளோரியானா ஆமை என்று தெரிந்தது. 2015இல் சிலவற்றை சாந்தா குரூஸ் தீவுக்குக் கொண்டுவந்து, 2017இல் இனப்பெருக்கத் திட்டத்தைத் தொடங்கினார்கள்.

எல்லா ஆமைக்கும் இந்த அதிர்ஷ்டம் வாய்க்கல. பின்டா தீவில் 1971இல் கண்ணில் பட்ட ஒற்றை ஆண் ஆமை 'தனிமை ஜார்ஜ்', வாரிசு இல்லாமலே 2012 ஜூன் 24 அன்று செத்துப்போச்சு.

எந்தக் குணம் அழித்ததோ, அதே குணம்தான் மிச்சத்தையும் காப்பாற்றியிருக்கு. கப்பல் அடித்தளத்தில் பட்டினி கிடந்து, கடலில் மிதந்து, அந்நியக் கரையில் ஏறி, இருநூறு வருஷம் பொறுத்திருந்து... பொறுமைக்கு இதைவிட என்ன உதாரணம் வேணும்? இனிமே யாராவது உங்களை "ஆமை மாதிரி இருக்கியே"ன்னு திட்டினா, ஒரு தேங்க்ஸ் சொல்லிட்டு வாங்க :-)