இறைச்சிக் கடைச் சுகாதாரம் (மதுரை வட்டாரம்)

மதுரை நகரிலும், அதைச் சூழ்ந்த திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டி வட்டாரங்களிலும் கறிக்கடைகளில் விற்கப்படும் புது இறைச்சி கெடாமலும் நோய் பரப்பாமலும் வாங்குவோர் கைக்குச் சேருவதற்கான முறைகளையும், அவற்றை ஆளும் சட்ட விதிகளையும் இக்கட்டுரை விவரிக்கும். மேல்நாடுகளில் இச்சுகாதாரம் குளிர்ச்சியை ஆதாரமாகக் கொண்டது. ஐரோப்பியச் சட்டம் ஆட்டுடலை 7 டிகிரிக்கும், ஈரல் முதலிய உள்ளுறுப்புகளை 3 டிகிரிக்கும் குளிர்வித்தே பொதுவாகக் கடைக்கு அனுப்பச் சொல்கிறது. மதுரையில் அது பொழுதை ஆதாரமாகக் கொண்டது. விடியுமுன் அறுத்த ஆடு முற்பகலுக்குள் விற்றுத் தீர்ந்து, உச்சிப்பொழுதுக்குள் குழம்பாகிவிட வேண்டும் என்பதே இங்குத் தலைமுறைகளாக நின்றுவரும் எழுதாத விதி. குளிர்ந்த கறியைப் பழங்கறி என்றே ஊரார் ஒதுக்குவர்.

இவ்விதிக்குச் சாஸ்திர நியாயம் இல்லாமல் இல்லை. நோயற்ற பிராணியின் தசைக்குள் கிருமிகள் அநேகமாக இருப்பதில்லை. தோல், குளம்பு, குடல், கத்தி, அறுப்பவர் கை, கழுவும் தண்ணீர் ஆகியவற்றின் வழியாகவே அவை வெட்டுப்பட்ட பரப்பில் வந்து படிகின்றன. அவற்றுள் சில, ஈரமும் உடற்சூடும் வாய்த்தால், 20 நிமிஷத்துக்கு ஒருமுறை இரட்டிக்க வல்லவை. ஆகையால் காலை ஆறு மணிக்கு அற்பமாக இருந்த அழுக்கு, வெயில் 40 டிகிரியைத் தொடும் சித்திரை நண்பகலில் அற்பமாக இருக்காது. அறுபட்ட பின் தசையிலுள்ள கிளைக்கோஜன் என்னும் சர்க்கரைப் பொருள் லாக்டிக் அமிலமாக மாறிக் கிருமிகளை ஓரளவு அடக்குகிறது. ஆனால் வண்டியில் நெருக்கியடித்து ஏற்றப்பட்டு, தண்ணீரின்றிக் களைத்த ஆட்டில் அப்பொருள் குறைந்துபோவதால், அதன் கறி கருத்துப் பிசுபிசுத்துச் சீக்கிரம் கெடும். வெள்ளிக்கிழமைதோறும் கூடும் திருமங்கலம் ஆட்டுச் சந்தையில் பிடித்த ஆட்டை, ஞாயிற்றுக்கிழமை வியாபாரத்துக்கு முன் ஒரு நாள் நிழலில் கட்டி இளைப்பாற விடுபவர் ஜீவகாருண்யத்தால் செய்தாலும் சரக்கையும் காப்பாற்றிக்கொள்கிறார். 2001ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகளும் 24 மணி நேர ஓய்வை வற்புறுத்துகின்றன.

மதுரை 1866இல் நகராட்சியாகவும் 1971இல் மாநகராட்சியாகவும் ஆயிற்று. நெல்பேட்டை நெடுங்காலமாக நகரின் இறைச்சி வியாபாரத்துக்குப் பேர்போன இடம். அனுப்பானடியில் மாநகராட்சி நவீன வதைக்கூடம் ஒன்றை அமைத்துள்ளது. அறுக்குமுன் ஆட்டையும், அறுத்தபின் அதன் ஈரல், நுரையீரல் முதலியவற்றையும் கால்நடை மருத்துவர் பரிசோதித்து, நீர்க்கட்டியோ புழுவோ கண்டால் அந்த உறுப்பை ஒதுக்கி, தகுதியான உடலில் முத்திரை குத்தச் செய்வது வதைக்கூடத்தின் பிரதான நோக்கம். மருத்துவர் ஒருவர் மணிக்கு 12, நாளொன்றுக்கு 96 பிராணிகளுக்கு மேல் பரிசோதிக்கலாகாது என்பது மேற்சொன்ன 2001 விதி. தீபாவளிக்கு முந்தின இரவில் இந்த நகரம் வெட்டும் ஆடுகளை நினைத்தால் அந்த எண்ணிக்கை எம்மட்டு என்பது விளங்கும். கடைக்குப் பின்புறத்திலேயே வைத்து அறுக்கும் பழக்கம் நீங்காமல் இருப்பதற்குக் காரணம் இதுவும்தான். வாங்குவோரும் குற்றமற்றவரல்லர். வெள்ளாடா செம்மறியா என்று அறியத் தொங்கும் உடலில் விட்டுவைத்த வாலைக் கூர்ந்து நோக்குபவர்கள், தொடையில் முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பது அபூர்வம்.

கடைக்குள் சுகாதாரத்தின் மர்மஸ்தானம் கறி வெட்டும் கட்டை. புளியமரத்தின் அடிமரத்தை உருளையாக அறுத்து எடுப்பது இப்பக்கத்து வழக்கம். வைரம் பாய்ந்த புளியங்கட்டையில் சிராய் எளிதில் எழும்பிக் கறியோடு சேராது. ஆனால் நாளடைவில் வெட்டு விழுந்து விழுந்து நடுவே குழி கண்டபோது, கொழுப்பும் எலும்புத்தூளும் அதிலே உறைந்து நிற்கும். தண்ணீர் ஊற்றித் தேய்ப்பது மேலழுக்கை அகற்றுமேயன்றிக் கீறலுக்குள் இறங்கியதை அசைக்காது. தேர்ந்த கடைக்காரர் கடை கட்டும் வேளையில் கத்தியைப் படுக்கவைத்துக் கட்டையைச் சுரண்டி, வெந்நீர் விட்டு, கல்லுப்பை அள்ளிப் பரப்பிவிட்டுப் போவார். உணவுப் பாதுகாப்பு விதிகளும் 82 டிகிரி வெந்நீர், அதன்மேல் கடலுப்பு என்று இதையே விதிக்கின்றன.

அவ்விதிகள் 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டத்தின்கீழ் எழுந்தவை. 2011 ஆகஸ்டு 5 முதல் அமலில் உள்ளன. தரையிலிருந்து ஐந்தடி உயரத்துக்கு நீர் உறிஞ்சாத சுவர், சாக்கடையை நோக்கிச் சரிந்த தளம், துருப்பிடிக்காத கொக்கி, ஈ புகாத முகப்பு ஆகியவற்றை அவை கோருகின்றன. வழிபாட்டுத் தலத்திலிருந்து 50 மீட்டர், அதன் வாயிலுக்கு நேரெதிராயின் 100 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும் என்பதும் அவற்றுள் ஒன்று. தெருவுக்கொரு கோயிலுள்ள மதுரையில் அளவுநாடா பிடிப்பவருக்கே இது சங்கடமான காரியம்.

கோழிக்கடை தனியே கவனிக்கத் தக்கது. கூண்டும் தராசும் கட்டையும் ஒரே அறையில் அமைவதால் எச்சமும் இறகும் கறிக்கு அருகிலேயே கிடக்கின்றன. தோலோடு கேட்பவர்களுக்காகக் கோழிகளை ஒரே அண்டா வெந்நீரில் அடுத்தடுத்து முக்கும்போது, முதற்கோழியின் சால்மோனெல்லாக் கிருமி பத்தாவது கோழிக்கும் பங்கிடப்படலாம். வீட்டில் மஞ்சளிட்டு அலசுவது வாடையைப் போக்கும். குழாயைத் திறந்துவிட்டு அலசினால் கிருமியை அருகிலுள்ள கீரைக்கும் தெறிக்கவைக்கும். கறியின் உட்பகுதி 74 டிகிரி சூடாகும்படி வேகவைப்பதே உண்மையான பாதுகாப்பு. குடல், இரத்தம், சுவரொட்டி என்னும் மண்ணீரல் ஆகியவற்றை விரும்பி உண்ணும் ஊர் இது. கழுத்தறுத்த இடத்திலேயே பிடிக்கப்படும் இரத்தம், பாத்திரம் சுத்தமாக இல்லாவிடில், எல்லாவற்றிலும் முந்திக் கெடுவது. குடலைச் சுத்தம் செய்யும் இடம் கறி வெட்டும் இடத்தோடு சேரலாகாது.

செய்தித்தாளில் உணவைப் பொதிவதை 2018ஆம் ஆண்டின் விதிகள் தடுத்துள்ளன. கறுப்புப் பாலித்தீன் பை 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் தடைப்பட்டும் முற்றாக மறையவில்லை. தாமரை இலையும், வீட்டிலிருந்து கொண்டுவரும் மூடியுள்ள தூக்குச்சட்டியும் இவ்விரண்டினும் மேலானவை.

பொழுதை நம்பிய முறை தடுமாறுவது பிற்பகலில். விற்காது நின்ற கறியைச் சூடு தணியாமலே குவியலாகக் குளிர்பெட்டிக்குள் திணித்து, மறுநாள் புதுக்கறியோடு கலந்து விற்பது எல்லாவற்றிலும் தீங்கானது. குவியலின் நடுப்பகுதி குளிர நெடுநேரமாகும், இடையே மின்சாரம் நின்றால் பிறகு கேட்கவே வேண்டாம். குளிர்பெட்டி இல்லாத காலத்தில் மிஞ்சியதை மெல்லிய துண்டுகளாக அரிந்து, உப்பும் மஞ்சளும் தடவி, நூலில் கோத்து வெயிலில் உலர்த்தி உப்புக்கண்டமாக்கினர். உப்பும் வெயிலும் ஈரத்தை வாங்கிவிடுவதால் கிருமிகள் பெருக வழியில்லை. பங்குனி, சித்திரையில் இது நன்கு அமையும். ஐப்பசி அடைமழையில் துண்டுகள் உலர்வதற்குள் பூசணம் பிடித்துவிடும்.