கோயம்புத்தூர் - சென்னை வான்வழித் தொலைவும் பயண நேரமும்

கோயம்புத்தூருக்கும் சென்னைக்கும் இடையிலான வான்வழித் தொலைவு சுமார் 403 கி.மீ (ஏறத்தாழ 218 கடல் மைல்) ஆகும். இது பீளமேட்டில் உள்ள கோயம்புத்தூர் வானூர்தி நிலையத்திற்கும் மீனம்பாக்கத்தில் உள்ள சென்னை வானூர்தி நிலையத்திற்கும் இடையே புவிப்பரப்பின் மீது அமையும் மிகக் குறுகிய வழியின் நீளமாகும். இடைநில்லா வானூர்திகளின் அட்டவணை நேரம் பொதுவாக 1 மணி 5 நிமிடம் முதல் 1 மணி 20 நிமிடம் வரை அமைகிறது.

தரைவழியுடன் ஒப்பீடு

தொடர்வண்டித் தடத்தின் நீளம் சுமார் 495 கி.மீ, சாலைவழி 500 கி.மீக்கும் கூடுதல். இவ்வேறுபாட்டிற்கு இடையில் உள்ள கிழக்குத் தொடர்ச்சி மலைகள் முக்கியக் காரணமாகும். 1862 அளவில் சென்னையைப் பேப்பூருடன் இணைத்த இருப்புப்பாதை, சேலத்திலிருந்து நேர் கிழக்காகச் செல்லாமல், சேர்வராயன் மலைக்கும் சவ்வாது மலைக்கும் இடைப்பட்ட நிலப்பகுதி வழியாக வடக்கே சோலார்ப்பேட்டை வரை சென்று, பின் காட்பாடி, அரக்கோணம் வழியாகச் சென்னையை அடைகிறது. சாலையில் செல்வோர் ஆத்தூர், உளுந்தூர்பேட்டை வழியாகவோ கிருஷ்ணகிரி, வேலூர் வழியாகவோ செல்லலாம்.

பறக்கும் நேரம்

தாரை வானூர்தி ஒன்று மணிக்கு 800 கி.மீ வேகத்தில் சீராகப் பறந்தால் இத்தொலைவை 30 நிமிடங்களில் கடந்துவிடும். ஆனால் மேலேறுவதிலும் கீழிறங்குவதிலுமே பயணத்தின் பெரும்பகுதி கழிவதால், முழு வேகத்தில் பறக்கும் நேரம் குறைவு. அட்டவணை நேரம் என்பது வானூர்தி நிறுத்துமிடத்தை விட்டு நகர்வதிலிருந்து மறுமுனையில் நிற்கும் வரையிலான நேரமாகும். ஓடுபாதைக்குச் செல்லுதல், இறங்க அனுமதிக்காகக் காத்திருத்தல் ஆகியவையும் இதில் அடங்கும். ஏடிஆர் போன்ற சுழல்விசிறி வானூர்திகளின் வேகம் மணிக்குச் சுமார் 500 கி.மீ மட்டுமே என்பதால் அவை சற்றுக் கூடுதல் நேரம் எடுக்கும்.

இரு நகரங்களும் ஒரே இந்திய நேரத்தைப் பின்பற்றினாலும், நெடுங்கோட்டு வேறுபாடு சுமார் 3 பாகை என்பதால் சென்னையில் கதிரவன் உச்சியை அடைவது கோயம்புத்தூரை விட ஏறத்தாழ 12 நிமிடங்கள் முந்தி நிகழ்கிறது.

மொத்தப் பயண நேரம்

காந்திபுரத்திலிருந்து சென்னை சென்ட்ரல் பகுதிக்குச் செல்லும் ஒருவருக்கான தோராயமான கணக்கு:

* பீளமேடு செல்ல - 30 நிமிடம்
* நிலையத்தில் காத்திருப்பு - 90 நிமிடம்
* வானூர்தியில் - 70 நிமிடம்
* பொதிகளைப் பெற்று வெளியேற - 25 நிமிடம்
* மீனம்பாக்கத்திலிருந்து நகருக்குள் - 45 நிமிடம்

மொத்தம் 4 மணி 20 நிமிடம். இதில் வானூர்தியில் கழிவது கால் பங்கிற்குச் சற்றே கூடுதல். 2023 ஏப்ரல் 8 அன்று தொடங்கிவைக்கப்பட்ட வந்தே பாரத் விரைவுவண்டி இவ்வழியைச் சுமார் 5 மணி 50 நிமிடத்தில் கடக்கும் வகையில் அட்டவணையிடப்பட்டது. கோவை நிலையத்திற்குச் செல்லும் நேரத்தையும் சேர்த்தால், வானூர்தியால் மிச்சமாவது ஏறத்தாழ இரண்டு மணி நேரமே. 1977 இல் அறிமுகமான கோவை விரைவுவண்டியுடன் ஒப்பிட்டால் இம்மிச்சம் கூடும்.

கொங்கு நாட்டின் பிற ஊர்கள்

பீளமேட்டிற்குக் கிழக்கே செல்லச் செல்ல இம்மிச்சம் குறைகிறது. ஈரோட்டில் இருப்பவர் வானூர்தி ஏற, சென்னைக்கு எதிர்த்திசையில் சுமார் 90 கி.மீ மேற்கே வர வேண்டும். தொடர்வண்டியில் சென்றாலோ கோயம்புத்தூரிலிருந்து செல்வதை விடச் சுமார் 100 கி.மீ குறைவு. எனவே ஈரோட்டினருக்கு விரைவான தொடர்வண்டி கிடைக்குமானால் வானூர்தியால் நேரம் மிச்சமாவதில்லை. மாறாக, பொள்ளாச்சி, மேட்டுப்பாளையம் போன்ற ஊரினர் எவ்வழியாயினும் கோயம்புத்தூர் வந்தே செல்வதால் அவர்களுக்கு வானூர்தியின் பயன் பெரிதும் குறைவதில்லை. சேலம் - சென்னை வானூர்திச் சேவை உடான் திட்டத்தின் கீழ் 2018 இல் தொடங்கி, இடையில் நின்று, 2023 அக்டோபரில் மீண்டும் தொடங்கப்பட்டது.

இவற்றையும் பார்க்க

* கோயம்புத்தூர் பன்னாட்டு வானூர்தி நிலையம்
* கோவை விரைவுவண்டி
* கிழக்குத் தொடர்ச்சி மலைகள்