ஆனையிறவு உப்பும் ஆழ்நிலத்து உப்பும்

ஆனையிறவு என்றதும் எம்மவர் நினைவுக்கு முதலில் வருவன 1991ஆம் ஆண்டுச் சமரும், 2000 ஏப்ரலில் படைத்தளம் வீழ்ந்த செய்தியுமே. அச்செய்திகளை எழுதிய தலைமுறையைச் சேர்ந்தவன் நான். எனினும், போருக்கு முன்னர் அவ்விடத்துக்குப் பெயர் தேடித் தந்தது உப்பளமே.

உப்பு பெரும்பாலும் கடலின் எச்சமே. பாகிஸ்தானின் கியூறாச் சுரங்கத்து உப்பு, ஐம்பது கோடி ஆண்டுகளுக்கு முன்னர் வற்றிய கடலொன்று விட்டுச் சென்றது. இத்தகைய படுகைகள்மீது மண்ணும் சேறும் படிந்து இறுகுகையில் அவற்றின் அடர்த்தி கூடுகிறது; உப்போ அவ்வாறு இறுகுவதில்லை. மேற்சுமை ஓரிடத்தில் மிகுந்தும் மற்றோரிடத்தில் குறைந்தும் இருந்தால், உப்பு பாகுபோல மிக மெல்ல நகர்ந்து, மேலுள்ள படைகளைத் துளைத்துக் குன்றாக எழுகிறது. 1901இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் எண்ணெய் பீறிட்ட ஸ்பிண்டில்டொப் அத்தகைய உப்புக் குன்றே. அதன் பின்னரே எண்ணெய் தேடுவோர் இவ்வளர்ச்சியில் பெரும் அக்கறை கொண்டனர். இன்று நிலத்தடியைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, எடை, வெப்பம், படிவு வேகம் ஆகியவற்றைக் கொடுத்து, இலட்சக்கணக்கான ஆண்டுகளின் அசைவைக் கணினியில் கணிக்கின்றனர்.

வன்னியின் பெரும்பகுதிக்கு அடியில் இருப்பவை பழைமையான உருமாறிய பாறைகள். புவியியலாளர் அவற்றுக்கு வன்னித் தொகுதி என்றே பெயரிட்டுள்ளனர். வடக்கே சுண்ணாம்புக்கல் உண்டு. உப்புக் குன்றுகள் இல்லை. எமது உப்பு கடல்நீரிலும் கோடை வெயிலிலும் தொழிலாளர் கைகளிலுமே விளைகிறது. ஏறத்தாழ 3.5 வீதம் உப்புள்ள கடல்நீர் பாத்தி பாத்தியாகச் செறிவேற, முதலில் ஜிப்சமும் பின்னர் உப்பும் படிகின்றன. காலம் தப்பிய ஒரு மழை போதும், விளைச்சல் கரைந்துவிடும்.

1990இல் போர் அவ்வுற்பத்தியை நிறுத்தியது. மழைக்குக் கரைந்த உப்பு மறுகோடையில் விளையும். போர் நிறுத்திய தொழிலோ பல்லாண்டுகள் மீளவில்லை. 2025 மார்ச்சில் அங்கு உப்புத் தொழிற்சாலை திறக்கப்பட்டபோது, 'ரஜ லுணு' என்ற வணிகப் பெயருக்கு எதிர்ப்பு எழுந்தது. ஊரின் பெயரே வேண்டுமென மக்கள் கேட்டனர். மே மாதத்தில் தொழிலாளர் தம் உரிமைகளுக்காகப் போராடினர்.

பூமியின் உப்புக் கணக்கைக் கோடி ஆண்டுகள் பின்னோக்கி எழுத இன்று கணினி உண்டு. 1990க்கு முன்னர் ஆனையிறவுப் பாத்திகளில் உழைத்தோரின் கூலி, வேலைமுறை, இடப்பெயர்வு ஆகியவற்றை எழுத அவர்களின் நினைவே முதற்சான்று. அம்முதியவர்கள் எம்மிடையே இருக்கும்போதே அது பதிவாக வேண்டும்.