அகிலன்

அகிலன் (27 ஜூன் 1922 – 31 ஜனவரி 1988): தமிழ் நாவலாசிரியர், சிறுகதையாளர், கட்டுரையாளர். இயற்பெயர் பெ. வை. அகிலாண்டம். புதுக்கோட்டை மாவட்டம் பெருங்களூரில் பிறந்தார். ரயில்வே அஞ்சல் பிரிப்புப் பணியிலும், பின்னர் வானொலியிலும் பணிபுரிந்தார்.

முதல் நாவல் ‘பெண்’ கலைமகள் பரிசு பெற்றது. இராஜேந்திர சோழனை நாயகனாக்கிய ‘வேங்கையின் மைந்தன்’ 1963இல் சாகித்திய அகாதெமி விருதை வென்றது. ‘பால்மரக் காட்டினிலே’ மலேசிய ரப்பர்த் தோட்டத் தமிழ்த் தொழிலாளரின் துயரைப் பேசுகிறது. ‘சித்திரப்பாவை’யின் நாயகன் அண்ணாமலை ஓர் ஓவியன், அவன் காதலி ஆனந்தி, கட்டாயத்தில் ஏற்ற மணவாழ்வைத் துறந்து அவனிடம் திரும்புகிறாள். கற்பு பற்றிய பழைய அளவுகோலை நேருக்கு நேர் கேள்வி கேட்ட துணிவு அந்த முடிவில் இருக்கிறது.

‘கதைக் கலை’ நூலில் கதை எழுதும் நுட்பங்களை ஆராய்ந்தார். இலக்கியம் வாழ்வை உயர்த்த வேண்டும் என்பதே அவர் எழுத்தின் அடிநாதம். தமிழுக்கு முதல் ஞானபீட விருதைப் பெற்றுத் தந்தது ‘சித்திரப்பாவை’யே.