பந்தயக் கார்களில் எத்தனால் எரிபொருள்

எத்தனால் என்பது கரும்பாலைக் கழிவுப்பாகு, மக்காச்சோளம், அரிசி முதலியவற்றை நொதிக்க வைத்து வடிக்கப்படும் எரிசாராயம் ஆகும். 85 விழுக்காடு வரை எத்தனால் கலந்த பெட்ரோல் இ85 எனப்படும். டர்போ பொருத்திய ஜப்பானியக் கார்களைப் பந்தயத் தளத்துக்காக மாற்றி அமைப்போர் இதனைப் பெரிதும் விரும்புகின்றனர்.

வரலாறு

பந்தயத்தில் சாராய எரிபொருள் நிலைபெற ஒரு விபத்தும் காரணமாயிற்று. 1964ஆம் ஆண்டு அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தில் பெட்ரோல் தீயில் டேவ் மெக்டொனால்டு, எட்டி சாக்ஸ் ஆகிய இருவர் உயிரிழந்தனர். அதன்பின் அங்கு மெத்தனால் வழக்கமானது. பெட்ரோல் தண்ணீரில் மிதந்து எரியும். சாராயம் தண்ணீரோடு கலப்பதால் அத்தீயைத் தண்ணீர் கொண்டே அணைக்கலாம். ஆனால் மெத்தனால் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. அதுவே புதிய ஆபத்தானது. 2007இல் இண்டிகார் பந்தயங்கள் முழுமையாக எத்தனாலுக்கு மாறின. 2012இல் 2.2 லிட்டர் டர்போ எஞ்சின்களுடன் இ85 வந்தது. அந்த எஞ்சின்களைத் தந்தவற்றுள் ஜப்பானின் ஹோண்டாவும் ஒன்று.

டர்போவுக்கு ஏற்றது ஏன்?

டர்போ, புகைபோக்கி வாயுவின் விசையால் சுழன்று, கூடுதல் காற்றை எஞ்சினுக்குள் அழுத்தித் தள்ளும். அழுத்தம் கூடினால் வெப்பமும் கூடும். அப்போது தீப்பொறியிலிருந்து பரவும் சுடர் வந்து சேருமுன்பே மீதிக் கலவை தானாகத் தீப்பற்றி வெடிக்கும். இதனை நாக்கிங் என்பர். சிவகாசி வட்டாரத்தாருக்கு இதை விளக்குவது எளிது. புஸ்வாணம் சீராக எரிந்து சொரிய வேண்டும். அது வெடியாகிவிட்டால் கேடு. எஞ்சினும் அப்படியே. நாக்கிங் தொடர்ந்தால் பிஸ்டன் உடையும்.

எத்தனாலின் ஆக்டேன் எண் பெட்ரோலைவிட உயர்ந்தது. ஆவியாகும்போது அது பெட்ரோலைப்போல் இரு மடங்குக்கும் மேலான வெப்பத்தை உறிஞ்சிக் கலவையைக் குளிர்விக்கிறது. ஆகவே டர்போ அழுத்தத்தைக் கூட்டவும், தீப்பொறி நேரத்தை முன்னுக்குக் கொண்டுவரவும் இடம் கிடைக்கிறது.

மாற்றியமைக்கும் முறை

1992இல் வெளிவந்த மிட்சுபிசி லான்சர் எவல்யூஷன், 1,997 சிசி டர்போ எஞ்சின் கொண்ட செடான். 1998 முதல் தமிழ்நாட்டின் திருவள்ளூரில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் உருவான பெட்ரோல் லான்சர் அதன் உறவினன்தான்; ஆனால் அதில் டர்போ இல்லை.

ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 பங்கே போதும். எனவே அதே காற்றுக்கு அதிக எரிபொருள் செலுத்த வேண்டும். பெரிய இன்ஜெக்டர்கள், வலுவான பம்பு, சாராயத்தைத் தாங்கும் ரப்பர்க் குழாய்கள் ஆகியன தேவை. பிறகு எஞ்சினின் கணினியில் அளவுகளைத் திருத்தி, டைனோ மேடையில் சோதிப்பர். எத்தனால் ஈரத்தை ஈர்ப்பதால் தொட்டியில் நெடுநாள் விட்டுவைக்கக் கூடாது.

இந்தியாவில்

இங்கு எத்தனாலின் கதை பந்தயத்தில் தொடங்கவில்லை. எரிசாராயத்தைப் பெட்ரோலில் கலப்பதற்கான சட்டம் 1948இலேயே இயற்றப்பட்டது. 2003இல் 5 விழுக்காடு கலப்புத் திட்டம் தொடங்கியது. 2023 பிப்ரவரியில் 20 விழுக்காடு கலந்த இ20 அறிமுகமானது.

பந்தயக் காருக்கு வலு தரும் எத்தனால், சாதாரணக் காரில் மைலேஜைக் குறைப்பது முரணாகத் தோன்றலாம். லிட்டருக்கு லிட்டர் ஒப்பிட்டால் எத்தனாலில் ஆற்றல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. அதன் குளிர்ச்சியையும் ஆக்டேனையும் பயன்படுத்திக்கொள்ளும் எஞ்சினுக்கே ஆதாயம்; மற்றவற்றுக்குச் செலவு மட்டுமே. இருங்காட்டுக்கோட்டை, கோவை செட்டிபாளையம் தளங்களில் ஓட்ட ஆசைப்படும் இளைஞர்கள், மாற்றியமைக்காத காரில் இ85 ஊற்றக் கூடாது. வலு எரிபொருளில் மட்டும் இல்லை. அதற்கேற்ற அளவில் இருக்கிறது.