துபாயில் தொடங்கிய ஊசி, பெருந்துறையில் தொடருமா?

2024 அக்டோபர் கடைசியில் சித்தப்பா மகன் துபாய் வேலையை முடித்துக்கொண்டு ஊருக்கு வந்தான். விடிகாலை விமானத்தில் கோயமுத்தூரில் இறங்கி, பெருந்துறை வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக ஃபிரிட்ஜைத் திறந்தான். கைப்பையில் ஐஸ் பொட்டலத்தோடு மூணு பேனா ஊசி. மவுன்ஜாரோ. மருந்தின் பெயர் டிர்செபடைடு. வாரம் ஒரு ஊசி, ஒரு பேனா நாலு வாரத்துக்கு வரும். 104 கிலோவில் ஆரம்பித்தவன் அப்போது 89.

சித்தி பேனாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எளச்சவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளுன்னு சும்மாவா சொன்னாங்க? கொள்ளு ரசம் வெச்சுத் தர்றேன், இதெல்லாம் எதுக்கு சாமி?" என்றார். அவன் சிரித்துக்கொண்டே என்னிடம் கேட்டான்: "இது தீந்துட்டா இங்க கெடைக்குமுங்ளாண்ணா?"

அன்றைக்குப் பதில், கிடைக்காது என்பதுதான். ஏன் கிடைக்கவில்லை என்று தேடப்போய்ச் சேர்ந்த குறிப்புகள்தான் இந்தப் பதிவு.

முதலில், ஒரு மருந்து பிறந்த ஊரிலிருந்து நம்ம ஊருக்கு வர எத்தனை நாள் ஆகும்? 1922 ஜனவரியில் கனடாவின் டொராண்டோ நகரில் ஒரு சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் போடப்பட்டது. அதே வருடம் டென்மார்க்கைச் சேர்ந்த நோபல் விஞ்ஞானி ஆகஸ்ட் க்ரோக் அமெரிக்காவில் சொற்பொழிவுப் பயணத்தில் இருந்தார். அவர் மனைவி மேரி ஒரு மருத்துவர், சர்க்கரை நோயாளியும்கூட. டொராண்டோ போய்ப் பார்க்கலாம் என்று தூண்டியவர் அவர்தான். நவம்பரில் அங்கே போன க்ரோக், இன்சுலின் தயாரிக்கும் உரிமையோடு ஊர் திரும்பினார். 1923 மார்ச்சில் டென்மார்க் நோயாளிகளுக்கு ஊசி போட ஆரம்பித்தாயிற்று. மொத்தம் 14 மாதம்! கண்டுபிடித்தவர்கள் காப்புரிமையை ஆளுக்கு ஒரு டாலருக்குப் பல்கலைக்கழகத்திடம் கொடுத்துவிட்டதால் வழி சுலபமாகத் திறந்தது.

க்ரோக் அன்றைக்குத் தொடங்கிய நிறுவனமும், அதிலிருந்து பிரிந்தவர்கள் 1925-ல் தொடங்கிய நோவோவும் 1989-ல் ஒன்றாகச் சேர்ந்ததுதான் இன்றைய நோவோ நார்டிஸ்க். இன்னொரு எடைக்குறைப்பு மருந்தான செமாகுளுடைடு இவர்களுடையது. சர்க்கரை நோய்க்கான 'ஓசெம்பிக்' ஊசியாக அமெரிக்காவில் அனுமதி பெற்றது 2017 டிசம்பரில். அதே ஓசெம்பிக் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது 2025 டிசம்பரில். எட்டு வருடம்!

இடையில் எதுவுமே வரவில்லை என்று சொல்ல முடியாது. 2022 ஜனவரியில் அதே மருந்து 'ரைபெல்சஸ்' மாத்திரையாக, சர்க்கரை நோய்க்காக வந்தது. வெறும் வயிற்றில் அரை டம்ளர் தண்ணீரோடு விழுங்கிவிட்டு அரை மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது. எழுந்ததும் காபி கேட்கிற நம்ம வீடுகளில் இதுவே பெரிய சோதனை. எடைக்குறைப்புக்கான 'வெகோவி' ஊசி 2025 ஜூனில் வந்தது. அதுவும் அமெரிக்க அனுமதி கிடைத்து நாலு வருடம் கழித்துத்தான்.

இவ்வளவு தாமதம் ஏன்? ஒரு காரணம் தட்டுப்பாடு. அமெரிக்காவிலேயே செமாகுளுடைடு ஊசி 2022 முதல் 2025 பிப்ரவரி வரை அரசின் பற்றாக்குறைப் பட்டியலில் இருந்தது. இன்னொரு காரணம் நம்ம சட்ட வரலாற்றில் இருக்கிறது. 1970-ம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் மருந்துக்குக் காப்புரிமை தரவில்லை, அதைத் தயாரிக்கும் முறைக்கு மட்டும்தான் தந்தது. வேறு முறையில் அதே மருந்தைச் செய்தால் குற்றமில்லை. இந்திய மருந்துக் கம்பெனிகள் வளர்ந்ததும், வெளிநாட்டு மருந்துகள் குறைந்த விலையில் நம்ம மெடிக்கல் ஷாப்புக்கு வந்ததும் இந்த வழியில்தான். உலக வர்த்தக ஒப்பந்தத்தால் 2005 ஜனவரியில் அந்தக் கதவு மூடியது. செமாகுளுடைடுக்கான விண்ணப்பம் 2006-ல் போடப்பட்டது. கதவு மூடி ஒரு வருடம் கழித்து! அந்த 20 வருடக் காப்புரிமை முடிவது 2026 மார்ச்சில். இதுவே 1990-களின் மருந்தாக இருந்திருந்தால், தம்பி ஐஸ் பொட்டலம் சுமந்திருக்க வேண்டியதில்லை என்றே நினைக்கிறேன்.

சரி, கையில் கொண்டுவரலாமா? லாம். 1945-ம் ஆண்டின் மருந்து விதிகளில் இதற்கு இடம் உண்டு. பயணி தன் சொந்த உபயோகத்துக்கு, தன் பெட்டியிலேயே, ஒரு மருந்தில் 100 வேளை அளவுக்கு மேல் போகாமல் கொண்டுவரலாம். சுங்க அதிகாரி கேட்டால் காட்ட வேண்டும். தபாலிலோ ஆள் மூலமோ வரவழைப்பதென்றால் டாக்டர் சீட்டோடு 12ஏ படிவத்தில் விண்ணப்பித்து, 12பி அனுமதி வாங்க வேண்டும்.

வாரம் ஒரு ஊசி என்றால் 100 வேளை கிட்டத்தட்ட இரண்டு வருடத்துக்கு வரும். ஆனால் மருந்து அத்தனை நாள் தாங்க வேண்டுமே? பிரிக்காத பேனா 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். வெளியே வைத்தால் 30 டிகிரியைத் தாண்டக் கூடாது, அதுவும் சில வாரம்தான். ஏப்ரல் மாத ஈரோட்டு வெயிலில் காருக்குள் மறந்து வைத்தால் போச்சு. ஃப்ரீசரில் உறைந்தாலும் போச்சு.

"தெரிஞ்சவர் மூலம் வாங்கித் தர்றேன்" என்று சொல்பவர்களும் உண்டு. 2024 ஜூனில் உலக சுகாதார நிறுவனம் போலி ஓசெம்பிக் பற்றி எச்சரிக்கை விட்டது. பிரேசில், பிரிட்டன், அமெரிக்கா மூன்றிலும் போலி பிடிபட்டிருந்தது. அங்கேயே அப்படி என்றால் இங்கே யாரோ கொடுக்கும் பேனாவை எப்படி நம்புவது?

நாங்கள் எல்லோரும் கோட்டைவிட்ட இடம் ஒன்று இருக்கிறது. தம்பி இதை ஒரு 'கோர்ஸ்' என்று நினைத்திருந்தான். 15 கிலோ குறைந்தாயிற்று, பேனா தீர்ந்தால் நிறுத்திக்கொள்ளலாம் என்று. நானும் அப்படித்தான் நினைத்தேன். உண்மை வேறு. சாப்பிட்டதும் குடலில் சுரந்து, போதும் என்று மூளைக்குச் சொல்லும் ஒரு ஹார்மோன் இருக்கிறது. அது சில நிமிடங்களில் சிதைந்துவிடும். சிதையாத மாதிரி ஒன்றை 1990-களின் தொடக்கத்தில் நியூயார்க் மருத்துவர் ஜான் எங் ஒரு பாலைவனப் பல்லியின் விஷத்தில் கண்டுபிடித்தார். அதிலிருந்து 2005-ல் வந்த முதல் மருந்தை நாளைக்கு இரண்டு முறை போட வேண்டும். இப்போதைய மருந்துகளுக்கு வாரம் ஒரு முறை போதும். ஆனால் உடம்பில் இருக்கும்வரைதான் வேலை. நிறுத்தினால் பழைய பசி திரும்பிவிடும்.

2021-ல் வெளியான ஓர் ஆய்வில் 803 பேருக்கு 20 வாரம் செமாகுளுடைடு கொடுத்தார்கள். பிறகு ஒரு பகுதியினருக்குச் சொல்லாமல் வெற்று ஊசிக்கு மாற்றினார்கள். அடுத்த 48 வாரத்தில் மருந்தைத் தொடர்ந்தவர்கள் சராசரியாக இன்னும் 7.9 சதவீதம் குறைந்தார்கள். வெற்று ஊசிக்காரர்கள் 6.9 சதவீதம் ஏறினார்கள். இன்னோர் ஆய்வில், நிறுத்தி ஒரு வருடத்தில் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்தது.

தம்பிக்கும் அதேதான் நடந்தது. ஜனவரி நடுவில் பேனா தீர்ந்தது. மவுன்ஜாரோ இந்தியாவுக்கு வந்தது 2025 மார்ச் 20. அவன் விஷயம் தெரிந்து டாக்டரிடம் போனது ஏப்ரலில். அதற்குள் 95. கல்யாண வீட்டில் ஒருத்தர், "என்ன மாப்ள, துபாய்க் காத்து எறங்கிருச்சா?" என்று கேட்டாராம். வாய்க்கட்டுப்பாடு இல்லை என்று வீட்டிலேயே பேச்சு. பாவம், அவன் சாப்பாட்டையும் குறைத்துத்தான் பார்த்தான்.

துபாயில் 7.5 மில்லிகிராம் போட்டுக்கொண்டிருந்தவன். இங்கே முதலில் வந்தது 2.5, 5 என்ற இரண்டு அளவுதான். அதுவும் பேனா இல்லை, சின்னக் கண்ணாடிக் குப்பி. சிரிஞ்சில் உறிஞ்சிப் போட வேண்டும். மூணு மாத இடைவெளி விழுந்ததால் டாக்டர் மறுபடி 2.5-லிருந்தே ஆரம்பித்தார். விட்ட இடத்திலிருந்து நேராகப் பெரிய அளவு போட்டால் வாந்தி, வயிற்றுக் கோளாறு வாட்டும் என்றார். 5 மில்லிகிராம் குப்பி ஒன்று அப்போது 4,375 ரூபாய், மாதத்துக்கு நாலு என்றால் 17,500. துபாய்ச் சம்பளத்தில் தொடங்கிய மருந்தை ஊர்ச் சம்பளத்தில் தொடர வேண்டும். இந்தக் கணக்கைத் தொடங்கும்போதே யாரும் அவனிடம் சொல்லவில்லை.

கிளம்புகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். கிளம்புவதற்கு முந்தின நாள் பேனா வாங்க ஓடாதீர்கள். இரண்டு மாதம் முன்னாலேயே ஊரில் ஒரு சர்க்கரை நோய் மருத்துவரிடம் பேசுங்கள். அங்குள்ள டாக்டரிடம் கடிதம் வாங்கி வாருங்கள். அதில் பிராண்ட் பெயரோடு மருந்தின் பெயர், மில்லிகிராம் அளவு, கடைசி ஊசி தேதி மூன்றும் இருக்கட்டும்.

சித்தி இன்னும் கொள்ளு ரசம் வைக்கிறார். தம்பியும் குடிக்கிறான். போன வாரம் பேசும்போது சித்தியே கேட்டார்: "பிரஷர் மாத்திர நான் பதினாறு வருஷமா திங்கறேன். அத நிறுத்துன்னு ஆரும் சொல்லல. இவன மட்டும் ஏன் எல்லாரும் எப்ப நிறுத்துவேன்னு கேக்கறாங்க?"